கிழங்கர் லத்தீனுக்கு வந்த கதை

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பலைத் தாமதப்படுத்தக்கூடிய சக்திகள் என்று பார்த்தால் புயல், தொற்றுநோய், கொழும்பிலிருந்து வரும் கட்டளை என்று சிலவற்றைச் சொல்லலாம். இவை எல்லாம் சேர்ந்து கெடுத்த நேரத்தைவிட அதிக நேரத்தைத் தனியொருவராக நின்று கெடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் எங்கள் கந்தோரின் பெரிய கிளாக்கர். ஊரில் அவருக்குப் பெயர் கிழங்கர். அவருக்கு எதிர்மேசையில் பல வருடங்கள் இருந்து உத்தியோகம் பார்த்தவன் நான். ஆகவே அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் இந்த உலகத்தில் எவரும் இல்லை.

எங்களுடையது கப்பல் ஏஜென்சிக் கந்தோர். வெளிநாட்டுக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்தால் அதற்குத் தண்ணீர், மரக்கறி, எண்ணெய் எல்லாம் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். கப்டனுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் ஓடித் திரிய வேண்டும். கப்பல் சும்மா நிற்கக்கூடாது, அவ்வளவுதான் எங்கள் வேதம். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு வழக்கமில்லாத ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் அதன் கிரேக்க மூலத்தையும் லத்தீன் மூலத்தையும் சொல்லி முடிக்காமல் அடுத்த வேலைக்கு நகராத ஒருவரைப் பெரிய கிளாக்கராக வைத்திருந்தார்கள். வைத்தவர் யாரென்று நான் கடைசிவரை விசாரித்தும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கிழங்கர் என்ற பெயரை வைத்தவர் எங்கள் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகை ஓட்டும் மரியாம்பிள்ளை அண்ணை. "ஐயாவுக்கு முன்னால ஒரு சொல்லைப் போட்டால் காணும். இலையைப் பாக்கமாட்டார், கொப்பைப் பாக்கமாட்டார், அடியில கிழங்கு கிடக்கோ எண்டுதான் தோண்டுவார்" என்று அவர் ஒருநாள் இறங்குதுறையில் சொன்னார். அடுத்த நாளே துறைமுகம் முழுவதும் அந்தப் பெயர்தான். கிழங்கருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. கிழங்கு என்ற சொல்லின் மூலம் என்னவாக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தார்.

அவர் இளமையில் சுவாமியாராகப் போகவென்று குருமடத்தில் படித்தவர். பட்டம் பெறுவதற்குக் கொஞ்சக் காலம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டார். சுகவீனம் என்று சிலர் சொன்னார்கள். லத்தீன் படிப்பித்த வயோதிப வெள்ளைக்காரச் சுவாமியாரைப் பாடத்தின் நடுவே திருத்தியதால் அந்தச் சுவாமியாருக்குத்தான் சுகவீனம் வந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் நம்பக்கூடியதாக இருந்தது. எப்படியோ, குருமடம் தப்பித்தது, நாங்கள் அகப்பட்டோம்.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தெரியாத பூனை போல இருப்பார். வெள்ளைக் களிசான், வெள்ளைக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து. கந்தோர் அலுமாரியில் கப்பல் சம்பந்தமான புத்தகங்கள் இருக்கவேண்டிய தட்டில் ஒரு தடித்த லத்தீன் அகராதி படுத்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள், அலையலையாகத் தலை சீவி, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் அவர் முன்னால் போய் நின்றேன். என் வயிறு ஒரு சத்தம் போட்டது. நான் கூனிக்குறுகிப் போனேன். கிழங்கரின் முகமோ மலர்ந்துவிட்டது.

"தம்பி, உம்மட வயிறு கிரேக்கம் கதைக்குது!" என்றார்.

வயிற்றின் இரைச்சலுக்கு ஆங்கிலத்தில் பொர்பொரிக்மஸ் என்று ஒரு சொல் உண்டாம். கிரேக்கர் தங்கள் வயிற்றுச் சத்தத்தைக் கேட்டு அதையே பெயராக வைத்தார்களாம். லத்தீன்காரர் வைத்தியப் புத்தகத்துக்காக அதை இரவல் வாங்கினார்களாம். இதை அவர் சொல்லி முடிக்க மத்தியானச் சாப்பாட்டு மணியும் கடந்துவிட்டது. என் வயிறு அதற்குப் பிறகு லத்தீனும் கதைத்தது.

என்னை மட்டும் வதைத்திருந்தால் பொறுத்திருப்பேன். ஒருமுறை என் அப்பு தம்பலகாமத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். அவர் வயலும் மாடுமாக இருந்தவர். திரும்பிப் போகும்போது மரியாதைக்குக் கிழங்கரிடம், "ஐயா, அப்ப நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு, போட்டு வாறன்" என்றார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், காலால் மிதித்தேன், பயனில்லை.

"பஸ் எண்டு சொன்னியளே, அது என்ன சொல்லு தெரியுமோ? ஒம்னிபுஸ். லத்தீன். 'எல்லாருக்கும்' எண்டு அர்த்தம். எல்லாருக்குமான வண்டி. அதில தலையை வெட்டி எறிஞ்சுபோட்டு, வாலைமட்டும் வைச்சு பஸ் எண்டு சொல்லுறம். அந்த வால் வெறும் வேற்றுமை உருபு. நாங்கள் ஏறிப் போறது ஒரு உருபில!"

அப்பு பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே பஸ் உறுமிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அப்பு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, உருபு போயிட்டுது. அடுத்த உருபு எத்தினை மணிக்கு?" என்றார். அடுத்தது பொழுதுபட. தம்பலகாமத்துப் பாதையில் அந்நேரம் யானை நிற்கும். அப்புவுக்குத் துணையாக நானும் போனேன்; அம்மா வாசலில் விளக்கோடு நின்று என்னைத் திட்டிய திட்டுக்கு நான் என்ன மூலத்தைக் கண்டேன்!

துறைமுக டொக்டரின் நிலைமை இன்னும் மோசம். வெளியூர்க் கப்பல் வந்தால் அது மஞ்சள் கொடி ஏற்றி நிற்கும். டொக்டர் லோஞ்சில் போய்ப் பார்த்து, நோய் இல்லை என்று சொன்ன பிறகுதான் வேறு ஆட்கள் ஏறலாம். அந்த அனுமதிக்குப் பெயர் பிராட்டிக். டொக்டருக்குக் கடல் ஒத்துவராது. அலையில் லோஞ்ச் ஆட, அவர் முகம் பச்சையாகி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, பிராட்டிக் என்ற சொல் கிரேக்கரின் 'செய்தல்' என்ற வினையிலிருந்து புறப்பட்டு லத்தீன் வழியாக நடந்து வந்த பாதையைக் கிழங்கர் அவருக்கு விளக்குவார். "பெரிய கிளாக்கர் லோஞ்சில வந்தால் நான் வரமாட்டன்" என்று டொக்டர் எங்கள் கந்தோருக்குச் சொல்லியனுப்பினார். அதன்பிறகு கிழங்கரைக் கரையில் கட்டிப்போடுவது என் பொறுப்பாகிவிட்டது.

ஒருநாள் உண்மையான கிரேக்கக் கப்பல் ஒன்று வந்தது. கிழங்கர் அன்றைக்குக் கோட்டைத் தோய்த்து ஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். தாடி வைத்த பருத்த கப்டன் கந்தோருக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று, குருமடத்தில் பாடமாக்கிய ஆதிகாலத்துக் கிரேக்கத்தில் நீண்ட வரவேற்புச் சொன்னார். கப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பயபக்தியோடு கேட்டார். முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "இவர் என்ன மொழி பேசுகிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் போன பிறகு கிழங்கர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, "பாவம் தம்பி, அந்த மனிசனுக்குக் கிரேக்கம் வராது" என்றார்.

இப்படியே எங்கள் கந்தோர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக. பிறகு வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனது. அவர்களோடு போகவேண்டிய வேலையும் போனது. கப்பல் வரத்துக் குறைந்தது. கொழும்பிலிருந்து செய்தி வந்தது: பெரிய மனேஜர் நேரில் வருகிறார், ஒரு ஆளைக் குறைக்கப்போகிறார்.

அந்த ஆள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய மாரியில், வாடைக்காற்றுக் கடுமையாக அடித்த நாளில், லோஞ்சுக்கும் கப்பலின் இரும்புக்கும் நடுவே மரியாம்பிள்ளை அண்ணையின் இடது கை அகப்பட்டு நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் ஒற்றைக் கையால் சுக்கான் பிடித்து, இரண்டு கை உள்ளவர்களைவிட ஒழுங்காக லோஞ்சை அணைப்பார். கொழும்புக்கு அது தெரியுமா? அவர்களுக்குத் தெரிந்தது கை இல்லை என்பது மட்டும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் அவர் குடும்பம் இருந்தது கொம்பனி வீட்டில். கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகள் வேறு. அந்தக் கையோடு வேறு எவர் அவரைப் படகில் ஏற்றுவார்கள்?

கொழும்பு மனேஜரின் முன்னால் நின்று அவருக்கு ஏற்ற ஆங்கிலத்தில் வாதாட எங்களிடம் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்று கடவுள் தீர்மானித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் எல்லோரும் கிழங்கரின் மேசையைச் சுற்றி நின்று கெஞ்சினோம்.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். அந்த மனிசன் என்ன சொல்லுச் சொன்னாலும் தோண்டாதேங்கோ" என்றேன் நான்.

"தம்பி, நான் என்ன சின்னப்பிள்ளையோ? எங்க எதைக் கதைக்கவேணும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"தெரியாது ஐயா!" என்று வாசல் காவலாளி கந்தையா முதற்கொண்டு எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

மரியாம்பிள்ளை அண்ணையின் மனைவி லூர்தம்மா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, அந்தோனியார் மேல சத்தியம் பண்ணுங்கோ. என்ர பிள்ளையளை நினைச்சுப் பண்ணுங்கோ." கிழங்கர் கொஞ்சம் ஆடித்தான் போனார். சத்தியம் பண்ணினார். சத்தியம் என்ற சொல்லைப் பற்றி எதுவும் சொல்லாமலே பண்ணினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

கொழும்பு மனேஜர் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். கத்தோலிக்கத் தமிழர்தான் என்று பெயர் சொன்னது. வாய் சொல்லவில்லை. "குட்மோர்னிங்" தொடங்கி எல்லாம் ஆங்கிலம். அவர் பெரிய கதிரையில் இருந்தார். எதிரே கிழங்கர். ஒரு பக்கத்தில் மரியாம்பிள்ளை அண்ணை, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. நான் தட்டெழுத்துக் கருவிக்கு முன்னால். ஜன்னலுக்கு வெளியே லோஞ்ச்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் முடிவை அறிய நின்றார்கள். அநேகம் பேர் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், கிழங்கரின் கோயிலைச் சேர்ந்தவர்கள்.

சொல்லத்தான் வேண்டும், கிழங்கர் பிரமாதமாகத் தொடங்கினார். மரியாம்பிள்ளையின் சேவை, விபத்து நடந்தது கொம்பனி வேலையில் என்ற நியாயம், எல்லாவற்றையும் அளந்து வைத்தார். மனேஜர் நடுவில், தேவைக்கு மிஞ்சிய ஆள் என்ற பொருளில், "ரிடன்டன்ட்" என்ற சொல்லைப் போட்டார். நான் கிழங்கரைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குள் லத்தீன்காரரின் அலை ஒன்று புரண்டுகொண்டு கிடக்கிறது என்பது எனக்கே தெரியும், முந்திய கிழமைதான் முழுதாகக் கேட்டிருந்தேன். கிழங்கர் கிளாஸை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அந்த அலையையும் சேர்த்து விழுங்கினார். நெற்றியில் வியர்வை. ஆனால் தப்பினார். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டதைக் கண்டேன்.

மனேஜர் பின்னால் சாய்ந்தார். "நீங்கள் சொல்வது எல்லாம் சரி, மிஸ்டர். ஆனால் இது ஒரு எலிமோசினரி ஸ்தாபனம் இல்லை."

தருமம் செய்கிற மடம் இல்லை என்பது அவர் சொல்ல வந்தது. அதற்கு 'சரிட்டி' என்று ஊரெல்லாம் புழங்குகிற ஒரு சொல் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும்? எங்கேயோ ஒரு வழக்குப் புத்தகத்தில் பொறுக்கிய அந்தப் பெரிய சொல்லை, அத்தனை ஆங்கிலச் சொற்களிலும் அந்தச் சொல்லை, இந்த மனிதர் முன்னால் கொண்டுவந்து போட வேண்டுமா?

கிழங்கர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். முகம் சிவந்தது. காது சிவந்தது. கதிரையின் கையைப் பிடித்த விரல்கள் வெளிறின. நான் தலையை ஆட்டினேன். மரியாம்பிள்ளை அண்ணை கண்ணால் கெஞ்சினார். கிழங்கர் எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். அந்தோனியாரையும் மனதுக்குள் பார்த்திருப்பார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"சேர், அந்தச் சொல்லு எங்கையிருந்து வந்தது தெரியுமோ?" என்று ஆங்கிலத்தை மறந்து தமிழில் கேட்டார்.

முடிந்தது. நான் தட்டெழுத்துக் கருவியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"எலெயொஸ், சேர். கிரேக்கம். இரக்கம் எண்டு பொருள். அதிலயிருந்து எலெயெமொசினே. இரக்கத்தால குடுக்கிறது. இப்ப நீங்கள் சொன்னது என்னெண்டால், இஞ்ச இரக்கம் எண்ட ஒரு சாமானே இல்லை எண்டு!"

"மிஸ்டர்!" என்று மனேஜர் மேசையில் தட்டினார். "எனக்கு யாரும் ஆங்கிலம் படிப்பிக்க வேண்டியதில்லை."

"ஆங்கிலமோ? நான் இன்னும் கிரேக்கத்திலதான் சேர் நிக்கிறன். உங்களுக்குத் தெரிஞ்ச சொல்லுத்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் கேக்கிற சொல்லு. இஞ்ச பாருங்கோ..."

சொல்லிவிட்டு எழுந்து நின்றார். கண்ணை மூடினார். கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துகிற அந்தப் பாரிய குரலில், இராகம் பிசகாமல், "கீரியே எலேயிசோன்" என்று பாடினார்.

அந்தக் காலத்தில் பூசை லத்தீனில்தான். அதற்குள், 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற இந்த ஒரு மன்றாட்டு மட்டும் கிரேக்கம் என்பது பாடுகிறவர்களுக்கே தெரியாது. தெரிந்ததெல்லாம், முன்னால் ஒருவர் பாடினால் பின்னால் மற்றவர்கள் பாடவேண்டும் என்பதுதான். பிறந்த நாள்முதல் பழகின பழக்கம். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பாக்கியில்லாமல் தொப்பியைக் கழற்றி, தலைப்பாகையை அவிழ்த்து, "கீரியே எலேயிசோன்" என்று பதில் பாடினார்கள்.

கிழங்கர் உதாரணத்துக்காகத்தான் பாடினார். ஆனால் பதில் வந்தபிறகு எப்படி நிறுத்துவது? தொடங்கிய மன்றாட்டை நடுவில் விட எங்கள் துறைமுகத்தில் எவருக்கும் துணிவு வராது. அவர் அடுத்ததைப் பாடினார். அவர்கள் அதற்கும் பதில் பாடினார்கள். மூன்றாவதுக்கு உள்ளேயிருந்தே ஒரு குரல் சேர்ந்தது. பார்த்தால், கொழும்பு மனேஜர் எழுந்து நிற்கிறார். கைகளைக் குவித்துக்கொண்டு, "கிறிஸ்தே எலேயிசோன்" என்கிறார். சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவராம். அவர் மனம் கொழும்பில் இருந்தது, வாய் தன்பாட்டில் பீடத்தடிக்குப் போய்விட்டது. நான் சைவக்காரன், எனக்குப் பதில் தெரியாது. சும்மா இருப்பதும் மரியாதையில்லை என்று எழுந்து நின்றேன். கந்தையா வாசலில் நின்று பொதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வேலைநாளில், கோயில் அல்லாத ஒரு இடத்திலிருந்து இந்த மன்றாட்டுக் கேட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே ஒருவருக்குக் கடைசி மூச்சு இழுக்கிறது. இறங்குதுறையில் வேலை அப்படியே நின்றது. தண்ணீர்ப் படகு பாதியில் திரும்பியது. மீன் விற்கும் பெண்கள் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். எவனோ ஒரு கெட்டிக்காரன் கோயிலுக்கு ஓடியிருக்கிறான். சற்று நேரத்தில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது.

துக்கமணி கேட்டு லூர்தம்மா அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தார். "ஐயோ, வேலையைப் பறிச்சு உயிரையும் எடுத்துப்போட்டாங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அண்ணைக்குப் பக்கத்திலேயே நின்று அழுதார்.

"எடியே, நான் இஞ்சதானே நிக்கிறன்!" என்றார் அண்ணை.

"அப்ப ஆர் மோசம் போனது?"

அந்த நேரத்தில் பங்குச் சுவாமியார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார். "எங்க ஆள்? ஆருக்குப் பூசவேணும்?"

"ஒருத்தருமே சாகேல்லை, சுவாமி!" என்று அலறினார் கொழும்பு மனேஜர். தமிழ்! அதுவும் கொழும்பு வாசமே இல்லாத நல்ல கடற்கரைத் தமிழ். அவர் அதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

சுவாமியார் சுற்றிப் பார்த்தார். அழுகிற பெண்ணைப் பார்த்தார். அண்ணையின் கையைப் பார்த்தார். "அப்ப இஞ்ச என்ன நடக்குது?" என்று கேட்டார்.

மனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எலிமோசினரி என்ற சொல்லை இந்தக் கூட்டத்துக்கு முன்னால் மறுபடி சொல்ல அவருக்கு நா எழவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, தமிழிலேயே சொன்னார்: "சுவாமி, என்ர கையில ஒண்டும் இல்லை. மேல உத்தரவு. ஒரு ஆள் குறையத்தான் வேணும். இவர் இல்லையெண்டால் வேற ஆரையோ நான் நிப்பாட்டவேணும். ஆரை நிப்பாட்டுறது? நீங்களே சொல்லுங்கோ."

கந்தையா தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அது நான்தானே, சேர். அதில என்ன கதை?" என்றார் கிழங்கர், முகத்தில் மொய்க்கும் இலையானைக் கலைப்பதுபோல் கையை வீசி. "என்ர பேரைப் போடுங்கோ. நான் தனிக்கட்டை. அது கிடக்கட்டும். இப்ப நான் லத்தீனுக்கு வாறன். கிரேக்கர் எலெயெமொசினே எண்டு சொன்னதை, லத்தீன்காரர்..."

மனேஜர் அவரை மறித்தார். "மிஸ்டர், நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது. எழுதுங்கோ. லத்தீன்காரர் அதை அப்பிடியே தூக்கி..."

"ஐயா!" என்று மரியாம்பிள்ளை அண்ணை கத்தினார். ஒளித்து வைத்திருந்த கை வெளியே வந்ததையும் கவனிக்காமல், மற்றக் கையால் அவர் கோட்டைப் பிடித்து உலுக்கினார். "வேண்டாம் ஐயா! எனக்காக நீங்கள்..."

"சும்மா இரும் மரியாம்பிள்ளை! காலமையிலயிருந்து ஒரு மனிசன் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கப் பாக்கிறான், ஒருத்தரும் விடுறியள் இல்லை!"

அவர் உண்மையாகவே கோபமாக இருந்தார். வேலையை விடுகிற மனிதன் ஒரு நிமிடம் நின்று, பெருமூச்சு ஒன்று விட்டு, நாங்கள் அழ இடம் கொடுத்து விடக்கூடாதா? இவர் ஒரு வசனத்தின் நடுவே விட்டார். மற்றவர்கள் நன்றி சொல்ல வந்தால் அதையும் இடைஞ்சல் என்று தள்ளினார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அவரை உலுக்கவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

சுவாமியார் எண்ணெயை மடியில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மனேஜர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினார். ஆட்கள் மரியாம்பிள்ளை அண்ணையையும் அக்காவையும் சூழ்ந்துகொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கந்தோரில் மிஞ்சியது நான் மட்டும். அப்போதுதான் கிழங்கர் லத்தீனுக்கு வந்தார். கிரேக்கச் சொல்லை லத்தீன்காரர் தேவாலயத்துக்காக அப்படியே எடுத்துக்கொண்டதையும், பிறகு ஆங்கிலேயர் அந்த நெடுஞ்சொல்லை மென்று மென்று, கடைசியில் பிச்சை என்று பொருள்படும் 'ஆம்ஸ்' என்ற ஒற்றை அசையாகத் துப்பியதையும், திருப்தியாக, ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்துத் தேத்தண்ணி கேட்டார்.

"ஐயா, யோசிச்சுத்தான் சொன்னியளோ?" என்று கேட்டேன்.

"எதை? ஆம்ஸ் எண்ட சொல்லையோ? அதில சந்தேகமே இல்லை தம்பி."

இரக்கத்தில் செய்தாரா, அவசரத்தில் செய்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டபோதெல்லாம் இப்படித்தான் பதில் வந்தது. அவரிடம் நேரான பதில் வாங்கியவர் எவரும் இல்லை.

அந்த மாத முடிவில் அவர் போனார். கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். முதல் பாடத்தைத் தாண்டிய பிள்ளை என்று ஒன்றைப் பற்றி நான் கேள்விப்படவில்லை. மரியாம்பிள்ளை அண்ணை ஓய்வு பெறும்வரை எங்கள் லோஞ்சை ஓட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டிலிருந்து நல்ல மீன் கிழங்கர் வீட்டுக்குப் போகும். கிழங்கர் அதை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரை அரைமணி நேரம் நிறுத்தி வைப்பார்.

கந்தோரில் எல்லாம் நேரத்துக்கு நடக்கத் தொடங்கியது. டொக்டர் நிம்மதியாகக் கப்பலுக்குப் போய் வந்தார். கடிதங்கள் காலையிலேயே முடிந்தன. முடிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. எதிர்மேசைக்குக் கந்தோருக்குள்ளேயே மாறி வந்தவர் மிகவும் நல்லவர், ஒரு சொல் கூடப் பேசமாட்டார். அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கிழங்கர் வீட்டுக்குப் போனேன். அவர் தனியாகக் கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கப்பல் ஒண்டும் இல்லையோ?"

"கப்பல் நிக்குது ஐயா. ஒரு சொல்லு இடக்குப் பண்ணுது. அதுதான் வந்தனான்."

"என்ன சொல்லு?"

"நோசியா" என்றேன். குமட்டல் என்ற பொருள் உள்ள அந்தச் சொல்லுக்குள் கிரேக்கரின் கப்பல் ஒன்று மிதக்கிறது என்பதை முதல்நாளே வேறொரு அகராதியில் பார்த்து வைத்திருந்தேன்.

கிழங்கர் நிமிர்ந்து இருந்தார். கைகள் மூக்குக்கண்ணாடியைத் தேடின. "இது கொஞ்சம் நேரம் எடுக்கும் தம்பி. உமக்கு வேலை கிடக்குமே?"

"இல்லை ஐயா, நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று சொல்லி ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன். எனக்கு அன்றைக்கு வேறு எங்கேயும் போக மனமில்லை.